சவானா பேய்வீட்டுச் சுற்றுலா

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரின் பழைய வீடுகளுக்கு, வழிகாட்டியுடன் சென்று ஆவிக்கதைகள் கேட்கும் சுற்றுலா. இரவு நடைகளே பெயர்பெற்றவை. ஆனால் உள்ளறைகளையும் சுவர்ப்பூச்சையும் பார்க்கப் பகலே ஏற்றது.

நகரை 1733இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் சதுக்கங்களாக வகுத்து நிறுவினார். 1820இல் பெருந்தீயும் மஞ்சள் காய்ச்சலும் ஒரே ஆண்டில் நகரைத் தாக்கின. அவ்வாண்டு எழுந்த டேவன்போர்ட் வீட்டை இடிப்பிலிருந்து காக்கவே 1955இல் சவானா வரலாற்று அறக்கட்டளை தோன்றியது.

சொரெல்-வீட் இல்லத்தில் மோலி என்ற அடிமைப் பெண்ணின் ஆவி உலவுவதாகச் சொல்வார்கள். வீட்டுத் தலைவி மட்டில்டா சொரெல் 1860இல் விழுந்து இறந்தது பதிவான செய்தி. மோலி வாழ்ந்ததற்கோ ஆவணச் சான்று கிடைக்கவில்லை. இத்தகைய கதைகள் அடிமைகளின் துயரைக் கேளிக்கைப் பொருளாக்குகின்றன என வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் 2015இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அது நியாயமான கண்டனம்.

அதனாலேயே நகரின் மற்றொரு பழைய வீடான ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்தில் நின்று பார்க்க வேண்டியது மாளிகையை அல்ல, பின்கட்டை. அங்கே அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பின் கூரையடியில், அவுரி கலந்த நீலப் பூச்சு இன்றும் ஒட்டியிருக்கிறது. அந்த நீலம் தீய ஆவிகளை அண்டவிடாது என்பது அப்பகுதி அடிமைகளின் வழிவந்த கல்லா-கீச்சி மக்களின் நம்பிக்கை. பேய்க்கு அஞ்சியவர்களின் கைவேலை இங்கே எஞ்சியிருக்கிறது.