இருபடி வடிவம்: ராமானுஜன் முதல் பரிமளா வரை

ஒவ்வோர் உறுப்பும் இரண்டாம் படியில் நிற்கும் கோவை இருபடி வடிவம். அது எந்தெந்த எண்களைத் தரும்? மாறிகள் எல்லாம் சுழியாகாமலே அது சுழியாகுமா? இந்த இரண்டு கேள்விகளும் இன்றுவரை துறையை விடவில்லை.

எந்த மிகை முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1770-ல் லக்ராஞ்சி நிறுவினார். வர்க்கங்களுக்கு முன்னால் கெழுக்களைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். 1917-ல் வெளியான கட்டுரையில், எல்லா எண்களையும் தரும் 55 வடிவங்களைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று சறுக்கியது: அ² + 2ஆ² + 5இ² + 5ஈ². இதில் 15 வராது. தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். கடைசி இரண்டு உறுப்புகளும் சேர்ந்து, 15 வரை, 0, 5, 10 என்றுதான் வரும். 15 வர வேண்டுமானால் இரண்டு வர்க்கங்கள் கூடி 3 ஆக வேண்டும், அது நடக்காது. ஆகவே அ² + 2ஆ² என்பது 15, 10, 5 ஆகியவற்றில் ஒன்றைத் தந்தாக வேண்டும். மூன்றுமே அதற்கு வசப்படாதவை. டிக்சன் 1927-ல் இதைச் சுட்டிக்காட்டினார். மற்ற 54-ம் அசையவில்லை.

1937-ல் எர்ன்ஸ்ட் விட் வடிவங்களையே எண்களைப் போலக் கூட்டிப் பெருக்க வழி செய்தார். இயற்கணிதக் கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது.

வடிவம் சுழியாகும் புள்ளிகள் வீழ்ப்பு வெளியில் ஓர் இருபடிப் பரப்பாகத் திரள்கின்றன. குரோதெண்டீக் 1960-களில் முன்வைத்த ‘மோட்டிவ்’ என்ற கருத்து, அப்பரப்பின் உள்ளமைப்பைத் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்க உதவுகிறது. ஃபிஸ்டர் வடிவங்களின் பரப்பு ஒரே துண்டின் நகர்த்திய பிரதிகளாகப் பிரிவதை மார்க்குஸ் ரோஸ்ட் கண்டார். அந்தத் துண்டைக் கையாண்டே வொயெவோட்ஸ்கி மில்னர் அனுமானத்தை நிறுவினார். 2002-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டின் பெரும்பங்கு ராமன் பரிமளாவுடையது. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்து, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். ஸ்ரீதரனிடம் ஆய்வு செய்தவர். செர்ரேயின் புகழ்பெற்ற அனுமானத்தைக் குவில்லனும் சுஸ்லினும் 1976-ல் மெய்ப்பித்தனர். அதே ஆண்டில், அந்த அனுமானத்தின் இருபடி வடிவ நிகர் பொய்த்துப்போவதைப் பரிமளா காட்டினார். இரண்டு மாறிகள் கொண்ட மெய்யெண் பல்லுறுப்புக்கோவைகளே அதற்குப் போதுமாக இருந்தன.

அவருடைய இன்னொரு வெற்றிக்கு ஆண்டுகள் பிடித்தன. சுழியாகாமல் தப்பிக்கும் வடிவத்தில் அதிகபட்சம் எத்தனை மாறிகள் இருக்கலாம்? பி என்ற பகா எண்ணைக் கொண்டு அமைக்கும் பி-ஆடிக் எண்களில் நான்கு. அவற்றின் மேல் அமைந்த வளைகோடுகளின் சார்புப் புலத்தில் எட்டு என்று நெடுங்காலமாக எதிர்பார்த்தார்கள். ஹாஃப்மனும் வான் கீலும் 22-க்கு மேல் போகாது என்றனர். பரிமளாவும் வேணபள்ளி சுரேஷும் 1998-ல் அதை 10-க்கு இறக்கினர். எஞ்சிய இரண்டைக் கழிக்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பி என்பது 2 அல்லாத எல்லா நிலைகளிலும் விடை எட்டுதான் என்ற அவர்களுடைய நிரூபணம் 2010-ல் அச்சேறியது. அதே ஆண்டு ஹைதராபாத்தில் கூடிய உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் பரிமளா முழு அவை உரை நிகழ்த்தினார். விடுபட்ட 2-ஐ, ஹீத்-பிரவுனின் தேற்றத்தைக் கொண்டு டேவிட் லீப் முடித்துவைத்தார்.