முஸ்தபாவுக்கு ஒரு பொட்டி

பழைய ஆர்கேட் கேம் ஆட வீட்ல தனியா ஒரு கம்ப்யூட்டர் கட்டறேன்னு சொன்னா, எல்லாரும் முதல்ல கேக்கறது "என்ன கிராபிக்ஸ் கார்டு?"தான். பதில் சொல்ல கொஞ்சம் சரித்திரம் பேசணும். பொறுத்தருள்க :)

நம்ம ஊர்ல 'முஸ்தபா கேம்'னு சொல்றோமே, அதோட உண்மையான பேர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். 1993ல காப்காம் வெளியிட்டது. ஆடக் கிடைக்கிற நாலு பேர்ல ஒருத்தர் முஸ்தபா கைரோ. நம்மாளுங்க கேமுக்கே அவர் பேரை வச்சுட்டாங்க! இது அப்போ எந்த வீட்டு கன்சோலுக்கும் வரல. எங்க செட்டு ஆடினதெல்லாம் பிரவுசிங் சென்டர்லதான், எமுலேட்டர் புண்ணியத்துல.

அந்த எமுலேட்டர்களில் பெரிய பேர் 'மேம்'. இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை விட்டார். நோக்கம் விளையாட்டு மட்டுமில்லை. பழைய இயந்திரம் எப்படி வேலை செஞ்சதுன்னு எழுதி வைக்கிறதும்தான். 2016ல் முழுசா திறமூலமாகிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். முஸ்தபாவின் அசல் பலகையில் இருந்தது 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000. ஒலிக்குத் தனியா ஒரு இசட்80. இந்த சில்லுகளை எல்லாம் மேம் மென்பொருளாலேயே நடிச்சுக் காட்டுது. ஒவ்வொரு பழைய கட்டளைக்கும் நம்ம பிராசசர் பல கட்டளை ஓட்டணும். படம் வரையறதும் பெரும்பாலும் பிராசசர் தலையிலதான். அதனால கிராபிக்ஸ் கார்டு காசு மிச்சம். பத்து கோர் இருக்கான்னு பார்க்காதீங்க, ஒரு கோர் எவ்வளவு வேகம்னு பாருங்க. முஸ்தபா மாதிரி 2டி ஆட்டத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே தாராளம். டெக்கன் 3 (1997) மாதிரி 3டி வேணும்னாதான் வேகமான பிராசசர்.

அடுத்து திரை. அசல் படம் 384க்கு 224 புள்ளி, காட்டினது 4:3 டியூப்ல. அகலத்திரையில இழுத்துவிட்டா முஸ்தபா குண்டாயிடுவார். நான் எடுத்தது பழைய 17 இன்ச் எல்சிடி, 1280க்கு 1024. 224ஐ நாலால் பெருக்கினா 896. மேலயும் கீழயும் 64 கோடு கறுப்பு விட்டா படம் பளிச்!

கண்ட்ரோல்ல கஞ்சத்தனம் கூடாது. மூணு பேர் ஒரே கீபோர்டை அமுக்கினா சில பட்டன் பதிவாகாது. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக், ஆளுக்கொரு யுஎஸ்பி பலகை வாங்கிடுங்க.

நம்ம வீடு திருவிடந்தையில, கடலுக்குப் பக்கம். நித்திய கல்யாணப் பெருமாளுக்கு தினம் கல்யாணம்னா, எங்க வீட்டு இரும்புக்கு தினம் துரு! உப்புக் காத்து சாக்கெட், ஸ்விட்ச் எதையும் விடாது. அதனால காத்தை இழுக்கிற பெரிய ஃபேன் வச்ச கேபினெட் வேண்டாம்னு விட்டுட்டேன். சூடு குறைவான பிராசசர், எஸ்எஸ்டி, பயன்படுத்தாதப்போ ஒரு உறை, அவ்ளோதான்.

அசல் பலகையே வாங்கலாமேன்னு கேப்பீங்க. காப்காமின் அந்தக் காலத்துப் பலகைகள் சிலதுல பேட்டரி தீர்ந்தா நினைவகத்துல இருக்கிற சாவி அழிஞ்சு, பலகையே செத்துடும். பேட்டரி என்னிக்காவது ஒருநாள் தீர்ந்துதான் போகும். வாங்கி அலமாரியில பூட்டி வச்சாலும் காப்பாத்த முடியாது. யாரோ சிலர் ராப்பகலா உட்கார்ந்து சில்லு சில்லா படிச்சு எழுதினதாலதான் இந்த ஆட்டங்கள் இன்னும் ஓடுது.

ஒரு விஷயம். மேம் இலவசம்தான், ஆனா கேமோட உரிமை இன்னும் கம்பெனிகள்கிட்டதான் இருக்கு. காசுக்கு வர்ற தொகுப்புகளை வாங்கி ஆதரியுங்க.

உங்க ஊர்ல இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.