அயர்லாந்தின் பட்டயப் பள்ளிகள்

1733ஆம் ஆண்டிலே இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் டப்ளின் நகரிலிருந்த ஒரு சங்கத்துக்கு அரச பட்டயம் வழங்கினார். வறிய அயர்லாந்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில மொழியையும் புரட்டஸ்தாந்து சமயத்தையும் கைத்தொழிலையும் கற்பித்தலே அச்சங்கத்தின் நோக்கம். பட்டயத்தின் கீழ் நிறுவப்பட்டமையால் அதன் பள்ளிகள் பட்டயப் பள்ளிகள் எனப் பெயர் பெற்றன. அமெரிக்காவிலே, 1991ஆம் ஆண்டின் மினசோட்டாச் சட்டத்தோடு தோன்றிய பள்ளிகளுக்கும் இதே பெயர் வழங்குகின்றது. இவ்விரண்டுக்கும் வழித்தொடர்பு யாதுமில்லை. ஆயினும், பொதுப்பணத்தைப் பெற்று ஒரு தனிக்குழு நடத்தும் பள்ளியின் படிப்பையும் கணக்கையும் யார் சென்று பார்ப்பது என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. அயர்லாந்திலே அக்கேள்விக்கு விடை காண ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

அந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் பள்ளி நடத்துவதை 1695ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருந்தது. பட்டயப் பள்ளியிலோ உணவு, உடை, உறையுள், படிப்பு யாவும் இலவசம். வளர்ந்தபின் பிள்ளையை ஒரு தொழிலாளியிடம் பயிலவிடுவர். அப்பிள்ளை பின்னர் புரட்டஸ்தாந்தர் ஒருவரை மணந்தால் ஐந்து பவுண் சீதனமும் உண்டு. ஆனால் பெற்றோர் செல்வாக்கு எட்டாதிருக்கும் பொருட்டுப் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு மாற்றிவிடுவது வழக்கம். ஆகவே பஞ்ச காலத்திற் பள்ளிகள் நிறைந்தன. விளைச்சல் கண்ட ஆண்டுகளிற் பெற்றோர் பிள்ளைகளைக் கொடுக்க மறுத்தனர்.

தொடக்கத்தில் நன்கொடையாலும் மன்னர் ஈந்த பணத்தாலும் சங்கம் நடந்தது. 1740களிலிருந்து அயர்லாந்துப் பாராளுமன்றம் மானியம் அளிக்கலாயிற்று. பணம் வந்த வழியைவிட அது பள்ளியினுள்ளே சென்ற வழியே கவனிக்கத்தக்கது. பள்ளியோடு சேர்ந்த நிலத்தைப் பயிரிட்டும், நூல் நூற்றும், பின்னல் பின்னியும் பிள்ளைகள் செய்த வேலையின் ஊதியம் பெரும்பாலும் தலைமை உபாத்தியாயருக்கே சேர்ந்தது. பிள்ளைகளின் உணவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. உணவிற் குறைத்தால் ஆதாயம். வேலையிற் கூட்டினால் ஆதாயம். எழுத்தும் கணக்கும் கற்பித்தால் நேரம் நட்டம். உபாத்தியாயர் இயல்பிலே கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அத்தகைய ஏற்பாட்டிலே நல்லவரும் கெடுவது எளிது.

மேற்பார்வை இல்லாமலில்லை. பள்ளிதோறும் உள்ளூர்க் குழு ஒன்றும், சமயபாடம் கற்பிக்கும் குருவானவர் ஒருவரும் இருந்தனர். அவர்கள் அனுப்பிய அறிக்கைகள் பெரும்பாலும் பாராட்டாகவே அமைந்தன. தலைநகரில் ஆண்டுதோறும் சங்கத்துக்காக ஒரு பிரசங்கம் நிகழும். பள்ளிகளின் பட்டியலோடு அது அச்சாகி வெளிவரும். பணம் கொடுத்தவர்கள் அதைப் படித்து மகிழ்ந்தனர்.

அப்பட்டியலை நம்பாது பள்ளி வாயிலிலே சென்று நின்றவர் யோன் ஹவார்ட். 1773இல் இங்கிலாந்தின் பெட்பட்சயர் மாகாணத்திலே ஷெரிப் பதவியேற்று, சிறைகளின் அவலத்தைக் கண்டு, அவற்றைச் சீர்திருத்துவதிலே வாழ்நாளைக் கழித்தவர் அவர். அயர்லாந்தின் சிறைகளைப் பார்க்கச் சென்றபோது பட்டயப் பள்ளிகளுள்ளும் புகுந்தார். அங்கே அவர் கண்டவை வெளிறி நோயுற்ற முகங்கள், கந்தைகள், அழுக்கு, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள். அயர்லாந்தின் சிறைப் பரிசோதகர் ஜெறமையா பிற்ஸ்பற்றிக் என்னும் வைத்தியரும் அவ்வாறே கண்டார். 1788இல் இருவரும் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தனர். சங்கத்தின் கணக்கில் 2,100 பிள்ளைகள் இருந்தனர். ஹவார்ட் கண்ட தொகையோ 1,400. ஏட்டில் மாத்திரம் வாழ்ந்த 700 பிள்ளைகளைப் பற்றி எந்தப் பிரசங்கமும் பேசியதில்லை. சிறைகளைப் பார்ப்பவர்கள் வந்தே பள்ளிகளின் உண்மை வெளிப்பட்டது என்பது சங்கத்துக்குப் பெருமை தருவதன்று.

இத்தனைக்குப் பின்னும் மானியம் நின்றபாடில்லை. 1801இல் அயர்லாந்து பிரித்தானியாவோடு இணைந்தபின் வெஸ்ட்மினிஸ்டர் பாராளுமன்றமும் அதைத் தொடர்ந்து வழங்கியது. 1809இல் ஒரு கல்விக் குழு பள்ளிகள் திருந்திவிட்டன என்னும் கருத்துப்பட எழுதியது.

1825இல் வெளியான ஆணைக்குழு அறிக்கையே முடிவான கணக்கைக் கூறிற்று. ஆணையாளர்கள் நேரிற் சென்றனர். பிள்ளைகளைத் தனியே விசாரித்தனர். கடுமையான கசையடிகளைப் பற்றிய சாட்சியங்களைப் பதிவுசெய்தனர். தொண்ணூறு ஆண்டுகளில் இப்பள்ளிகளுக்குச் செலவான தொகை ஏறக்குறைய 16 இலட்சம் பவுண்; அதில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டது பாராளுமன்றம் கொடுத்தது. தொழில் பயில அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய 12,700 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 126 பவுண் வரும். அக்காலத்து ஏழைக் குடியானவன் பல ஆண்டுகள் உழைத்தாலும் அத்தொகையைக் காணமாட்டான்.

அதன்பின் மானியம் படிப்படியாகக் குறைந்து 1830களின் தொடக்கத்தில் அற்றுப்போயிற்று. 1831இல் எட்வேட் ஸ்டான்லி வகுத்த திட்டத்தின்படி, கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து படிக்கும் தேசியப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் செல்லலாயிற்று. சங்கம் தனக்குரிய சொத்துக்களின் வருவாயைக் கொண்டு வேறு பள்ளிகளை நடத்தியது.

அதே ஆணைக்குழு நாட்டின் பள்ளிகள் யாவற்றையும் எண்ணிப் பார்த்து 1826இல் அறிக்கை வெளியிட்டது. இருந்தவை 11,000க்கு மேல். அவற்றுள் 9,000க்கு அதிகமானவை பெற்றோர் கொடுத்த கட்டணத்தால், குடிசைகளிலும் கொட்டில்களிலும் நடந்தவை. இலவச உணவும் உடையும் ஐந்து பவுண் சீதனமும் கிடைத்த பள்ளியை விலக்கி, உருளைக்கிழங்கு விற்ற காசைக் கொண்டு அவர்கள் உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுத்திருந்தனர்.