டைரி எழுதிய அப்பா!

கீழ்பென்னாத்தூர் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி. கீபோர்டு வாசித்த பையனுக்குப் பத்து வயசு இருந்தால் அதிகம். 'அடுத்த லிடியன் சார் இவன்!' என்றார் பக்கத்தில் நின்றவர். சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல், 13 வயதில், அமெரிக்க டி.வி. போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் ஜெயித்ததை அவர் மறக்கவில்லை. நானோ, மேடை ஓரத்தில் கைதட்டலை எண்ணுகிற மாதிரி நின்ற பையனின் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரெடரிக் வீக் ஞாபகம் வந்துவிட்டது!

யார் இந்த வீக்? ஜெர்மனியில், லைப்ஸிக் நகரத்து பியானோ வாத்தியார். மனைவி பிரிந்து போனார். அன்றைய சட்டப்படி குழந்தை அப்பாவுக்குச் சொந்தம். ஆகவே, ஐந்து வயது கிளாரா அம்மாவை விட்டுவிட்டு அப்பாவிடம் வந்து சேர்ந்தாள். தினம் பாடம், பயிற்சி, உடம்புக்கு நல்லது என்று நீண்ட நடை. ஏழு வயதில் அவளுக்கு ஒரு டைரியும் ஆரம்பித்தார் வீக். 'நான்', 'என் அப்பா' என்றெல்லாம் சிறுமி எழுதுவது போலவே இருக்கும். எழுதியது அப்பா!

ஒன்பது வயதில் முதல் மேடை. பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. அப்புறம் வந்தது 1835 நவம்பர் 9. லைப்ஸிக்கின் 'கெவாண்ட்ஹவுஸ்' அரங்கம். ஒருகாலத்தில் ஜவுளி வியாபாரிகளின் மண்டபம் அது! ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் 26 வயது மெண்டல்ஸான். பியானோவில் 16 வயது கிளாரா. வாசித்தது யாருடையதோ அல்ல; 13 வயதில் அவளே எழுத ஆரம்பித்த கான்செர்ட்டோ. அதன் நடுப்பகுதியில் ஒரு விசேஷம். இத்தனை வாத்தியங்களும் மௌனமாகிவிட, பியானோவுக்குத் துணையாக ஒரே ஒரு செல்லோ மட்டும் பேசும். பதினாறு வயசுப் பெண் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைக் கைகட்டி உட்கார வைத்துவிட்டாள், பாருங்கள்!

கடைசிப் பகுதிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் கொடுக்க உதவியவர், வீக்கிடம் பாடம் படிக்க வந்த ராபர்ட் ஷூமன். அதே நவம்பரில்தான் அவரும் கிளாராவும் முதல் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் வீக் கொதித்தார். பின்னே, வருஷக்கணக்காக உருவாக்கிய மகளாச்சே! சந்திக்கவே கூடாது என்று தடை. மேடையில் அவள் சம்பாதித்த பணத்தையும் தர மறுத்தார். மகளும் காதலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெயித்தார்கள். 1840 செப்டம்பர் 12-ல் கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது பூர்த்தி!

அந்தப் பிறந்தநாளில் ஷூமன் ஒரு புது டைரியைக் கொடுத்தார். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர் எழுதுவதாக ஏற்பாடு. தன் முறை வந்தபோது கிளாரா அதில் பதிவு செய்த குறைகளில் ஒன்று: கணவர் இசையமைக்கும் நேரத்தில் தான் பியானோவைத் தொட முடிவதில்லை. அந்த வீட்டுச் சுவர்கள் அத்தனை மெல்லியவை.