மார்பகப் புற்றுநோயும் உடலின் காவலும்

மன்னர்களின் வரலாற்றைவிட நோய்களின் வரலாறு பழமையானது. ஆயினும் நம் பாடநூல்களில் அதற்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மார்பகப் புற்றுநோயின் வரலாறு. இளைஞர்கள் முன்னிலையில் இதைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். பேசாமல் இருந்ததனால் விளைந்த கேடு அந்தத் தயக்கத்தைவிடப் பெரிது என்பதே என் மறுமொழி.

எகிப்து நாட்டில் ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. அது மார்பில் தோன்றும் கட்டியை விவரித்துவிட்டு, இதற்குச் சிகிச்சை இல்லை என்று முடிக்கிறது. அந்த ஒற்றை வரியை மாற்றி எழுத மனித குலத்திற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. 1894ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றும் முறையின் பலன்களை வெளியிட்டார். பிழைத்தவர் பலர், ஆனால் அவர்கள் கொடுத்த விலை கடுமையானது. அக்காலத்து மருத்துவர், நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிக்க இரண்டு வினாக்களையே எழுப்பினர். கட்டி எவ்வளவு பெரியது? அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? இரண்டும் பகைவனைப் பற்றிய வினாக்கள். கோட்டைக்குள் காவலர் இருக்கின்றனரா என்று எவரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது வினா மெல்ல மெல்லவே எழுந்தது. 1909ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், நம் உடலில் புற்று உயிரணுக்கள் அடிக்கடி தோன்றக்கூடும் என்றும், உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றை அடக்கி வைக்கிறது என்றும் கருத்துரைத்தார். 1922இல் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த மெக்கார்ட்டி, கட்டியைச் சூழ நிணவணுக்கள் திரண்டிருந்தால் நோயாளி நீண்ட காலம் வாழக் காண்கிறோம் என்று எழுதினார். நிணவணு என்பது இரத்தத்திலும் நிணநீரிலும் உலவி, அந்நியரை அடையாளம் கண்டு தாக்கும் ஒருவகை வெள்ளையணு. 1949இல் மூர், ஃபூட் என்னும் இருவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். மார்பகப் புற்றில் மெடுல்லரி என்றொரு வகை உண்டு. நுண்ணோக்கியில் அதன் உயிரணுக்கள் மிகக் கொடியனவாகத் தோன்றும்; ஆனால் நோயாளிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்தனர். அக்கட்டிகளுள் நிணவணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தன. பகைவன் வலியவன்தான், காவலர் அவனைவிடப் பலர் போலும்!

கோட்பாடு ஒருபுறம் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், நம் நாட்டில் நோயாளிக்கு ஒரு படுக்கை கிடைப்பதே அரிதாக இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம் பெற்றவர் அவர். 1923ஆம் ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவராகிய தமக்கை அருகில் இருந்தும் காக்க இயலவில்லை. அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் ஆண்டுகள் பலவாக வாதாடினார், நிதி திரட்டினார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைப் பேணி வளர்த்தார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதையே தம் இல்லமாகக் கொண்டார்.

அங்கே வந்த பெண்களில் மிகப் பலர், நோய் முற்றிய பின்னரே வந்தனர். இதன் காரணத்தை நான் நூல்களில் தேட வேண்டியதில்லை. என் ஊர் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். என் பெரியம்மா தம் மார்பில் இருந்த கட்டியை ஓராண்டுக்கு மேல் எவரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "வலிக்கவே இல்லையே அப்பா, வலிக்காததைப் போய் எப்படிச் சொல்வது?" என்றார். ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு நாணம்; மணமாகாத பெண்மக்கள் வீட்டில் இருக்க, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம்; பாம்பன் பாலத்தைக் கடந்து சென்னை போய்வரும் செலவு. இம்மூன்றும் சேர்ந்து கட்டியைவிடப் பெரிய கட்டியாக அவர் நெஞ்சை அழுத்தின. சென்னைக்குச் சென்றபோது நோய் எலும்பை எட்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் இருந்தார். "தலையெழுத்து" என்று உறவினர் கூறினர்.

அந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம். நம் உடலில் உண்மையாகவே ஓர் எழுத்து உண்டு. அதனை மரபணு என்கிறோம். மனிதனிடம் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் உள்ளன. ஆனால் எழுதப்பட்டவை எல்லாம் படிக்கப்படுவதில்லை. எங்கள் ஊரில் மல்லிகைக் கன்றுகள் வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு கன்றின் இலையிலும் வேரிலும் பூவிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். பூவில் மணத்திற்குரியவை விழித்திருக்கின்றன. வேரில் அவை உறங்குகின்றன. ஆகவே எவை உள்ளன என்பதைவிட, எவை செயல்படுகின்றன என்பதே முதன்மையான வினா. செயல்படும் மரபணு தன் செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதி அனுப்பும். அந்தப் படிகளை எண்ணினால் எந்த மரபணு எவ்வளவு ஊக்கமாக உழைக்கிறது என்று அறியலாம்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயலை ஒருங்கே அளக்கும் கருவிகள் தோன்றின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள், மார்பகப் புற்று என்பது ஒரே நோயன்று, பல நோய்களின் தொகுதி என்று இவ்வழியில் காட்டினர். 2002இல் நெதர்லாந்து நாட்டினர் 70 மரபணுக்களைக் கொண்டு நோயின் போக்கை முன்கணிக்கும் முறையைக் கண்டனர். 2007இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்ட முடிவு நம் கதைக்கு நேரே பொருந்துவது. பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்காத கட்டிகள் பொதுவாகக் கொடியவை. அவற்றுள்ளும், நோய் எதிர்ப்புக்குரிய மரபணுக்கள் ஊக்கமாகச் செயல்பட்ட கட்டிகளைக் கொண்ட பெண்கள் நன்றாக வாழ்ந்தனர். 1922இல் நுண்ணோக்கியின் வழியே கண்டதை, 85 ஆண்டுகளுக்குப் பின் மரபணுக்களும் சாட்சி கூறி உறுதிப்படுத்தின.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காவலர் மிகுதி எல்லா வகையிலும் நன்மையே என்று கருதலாகாது. ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கும் வகையில் நிணவணுக்களின் பெருக்கம் அத்தகைய நற்குறியாக அமையவில்லை. மாறான முடிவுகளும் வந்துள்ளன. மேலும் முன்கணிப்பு என்பது நூறு பேரைப் பற்றிய கூற்று. அந்த நூறு பேரில் ஒருத்தி எவ்வளவு நாள் வாழ்வாள் என்று எந்த அளவுகோலும் அறுதியிட்டுச் சொல்லாது.

இந்த அறிவினால் பயன் என்ன? முதலாவது, கடுமருந்து எவருக்குத் தேவை, எவருக்குத் தேவையில்லை என்று பிரித்தறிய மரபணுச் சோதனைகள் உதவுகின்றன. இரண்டாவது, காவலரையே மருந்தாக்கும் வழி திறந்தது. புற்று உயிரணு நிணவணுவின் மேல் உள்ள ஒரு தடையை அழுத்தி அதை உறங்கச் செய்கிறது. அந்தத் தடைகளை விலக்கும் வழியைக் கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று ஏற்பிகளும் இல்லாத, மும்மறை எனப்படும் மார்பகப் புற்றின் தொடக்க நிலையிலேயே இவ்வகை மருந்து ஒன்றைப் பயன்படுத்த 2021இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

இது நமக்கு அயலார் செய்தியன்று. மேல்நாடுகளில் மார்பகப் புற்றாளருள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கே இம்மும்மறை வகை உண்டாகிறது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு முப்பதை ஒட்டி நிற்கிறது. சென்னையில் முன்னொரு காலத்தில் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பிறகு மார்பகப் புற்று அதை முந்திவிட்டது. ஆனால் உலகம் நம்பியிருக்கும் பெரிய மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வழிவந்த பெண்களின் கட்டிகளிலிருந்து எழுதப்பட்டவை. புதிய மருந்தின் விலையோ மீனவர் குடும்பமும் உழவர் குடும்பமும் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. நம் பெண்களின் உடலில் காவலர் எவ்வாறு போரிடுகின்றனர் என்பதை நம் ஆய்வுக்கூடங்களே எழுத வேண்டும்; அந்த அறிவு ஏழையின் வாசலுக்கு வரவும் வழி காண வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள் விடுக்கிறேன். வலியில்லாத கட்டி தீங்கற்ற கட்டி ஆகாது என்பதை இன்றே உங்கள் வீட்டுப் பெண்களிடம் கூசாமல் சொல்லுங்கள். நாணத்தின் பெயரால் ஓர் உயிர் போவதைவிட, வீட்டில் ஒருநாள் கூச்சத்தோடு பேசுவது மேல். அடுத்து, உங்களுள் சிலராவது உயிரியலையும் கணக்கையும் சேர்த்துக் கற்று இந்தத் துறைக்கு வாருங்கள். எகிப்தியர் எழுதிய ஒற்றை வரியை உலகம் பாதி அழித்துவிட்டது. மீதிப் பாதி உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.