படைவீரர் குடும்பமும் உயர்கல்விக்கான வதிவிடத் தகுதியும்: தமிழக விதிகள் குறித்து ஓர் ஆய்வு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். இவ்வூர்க்காரர் ஒருவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறார் என்று கொள்வோம். அவருடைய மகள் ஆறாம், ஏழாம் வகுப்புகளை ஜோத்பூர் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறாள். அடுத்த மாற்றல், குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத எல்லைப் பகுதிக்கு. தாயும் மகளும் ஊர் திரும்புகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை அவள் படிப்பது ஊர்ப்பக்கத்து அரசுப் பள்ளியில். அந்த இரண்டு ஆண்டுகளுக்காக மட்டும், அரசுப் பள்ளி மாணவர்க்கான பல உரிமைகள் அவளுக்குக் கிடைக்காமல் போகின்றன. அரசு ஆணையால் வெளிமாநிலத்தில் கழிந்த ஆண்டுகள் எந்தக் கல்வித் தகுதியையும் குறைக்கக் கூடாது. அதற்குத் தமிழகம் தன் விதிகளைத் திருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. கட்டண வேறுபாட்டின் தமிழக வடிவம்

அமெரிக்க மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்மாநிலத்தவருக்கு ஒரு கட்டணமும் வெளிமாநிலத்தவருக்குப் பன்மடங்கு கட்டணமும் வசூலிக்கின்றன. தமிழகத்தில் இந்த வேறுபாடு இடங்களின் வகைக்குள் இருக்கிறது. 2017-இல் நிர்ணயிக்கப்பட்டபடி, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.50,000, நிர்வாக ஒதுக்கீட்டில் ரூ.85,000. நான்காண்டுப் படிப்பில் வித்தியாசம் ரூ.1,40,000. கலந்தாய்வுக்குள் நுழையும் தகுதி இல்லாதவருக்கு நிர்வாக ஒதுக்கீடே வழி. 2012-இல் தொடங்கப்பட்ட போடி அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றின் குறைந்த கட்டணமும் கலந்தாய்வு வழியாக மட்டுமே எட்டும். எனவே தமிழகத்தில் கட்டணத்தைத் தீர்மானிப்பது வதிவிடத் தகுதிதான்.

2. விதிகள் எங்கே இடறுகின்றன

பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழகத்தில் படித்தவர் பிறப்பிடச் சான்று தர வேண்டியதில்லை. இடையில் ஓராண்டு வெளியே படித்தாலும் சான்று கட்டாயம். மருத்துவச் சேர்க்கையில் இந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது; பெற்றோரின் ஆவணங்களும் கேட்கப்படுகின்றன. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று விண்ணப்பம் நகரும்போது, தந்தையின் பழைய பள்ளிச் சான்றில் ‘மதுரை மாவட்டம்’ என்றிருக்கும். தேனி மாவட்டம் பிறந்ததே 1996-இல்தான். மகளின் மாற்றுச் சான்றிதழிலோ ராஜஸ்தான் முத்திரை. இவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் வேலை, கணவர் எல்லையில் இருக்க, பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகிறது.

இதைச் சான்றிதழ் வாங்கிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் படிப்புகளுக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இதை வழங்குகின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 உதவிக்கும் ஆறாம் வகுப்பே தொடக்கப் புள்ளி. நம் ஹவில்தாரின் மகளுக்கு இவை எதுவும் இல்லை.

பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் உள்ளன. ஆனால் ஹவில்தார், சுபேதார் என உயர்ந்து நீண்ட காலம் பணியில் நீடிப்பவரின் பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது, தந்தை இன்னும் ‘முன்னாள்’ ஆகியிருப்பதில்லை. மனைவியின் படிப்போ விதிகளின் கண்ணில் படுவதே அரிது. கணவரோடு ஊர் ஊராக மாறும் பெண் பாதியில் விட்ட பட்டப்படிப்பைத் தொடர, அவளுக்கென்று ஒரு வழி வகுக்கப்படவில்லை.

3. நீதிமன்றங்கள் காட்டும் திசை

டி.பி. ஜோஷி எதிர் மத்திய பாரத அரசு (1955) வழக்கில், இந்தூர் மருத்துவக் கல்லூரி வெளிமாநிலத்தவரிடம் மட்டும் தலைக்கட்டணம் வசூலித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய டி.எல். வெங்கடராம ஐயர், பிறப்பிடம் வேறு, வதிவிடம் வேறு என்றார்; மாநிலத்தில் வாழ்வோர் படித்து முடித்து அங்கேயே பணியாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதை நியாயமாகக் கொண்டார். இதே அளவுகோலை வைத்தால் படைவீரர் குடும்பம் தேறிவிடும். அதன் வீடும் நிலமும் உறவும் ராசிங்காபுரத்தில். ஓய்வுக்குப்பின் திரும்புவதும் அங்கேதான்.

மீனாட்சி மாலிக் எதிர் டெல்லிப் பல்கலைக்கழகம் (1989) இன்னும் நெருக்கமானது. டெல்லியில் கடைசி இரண்டாண்டு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, அரசுப் பணி நிமித்தம் வெளிநாடு அனுப்பப்பட்டவரின் மகள்மீது திணிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பெற்றோர் போனது விருப்பத்தால் அன்று, கட்டாயத்தால் என்பதே காரணம்.

4. மறுப்பும் விடையும்

போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போகும் தொழிலாளியின் பிள்ளையும் கேரளத்தில் படிக்கிறது. அதற்கு இல்லாத சலுகை படைவீரர் பிள்ளைக்கு ஏன் என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. அந்தப் பிள்ளைக்கும் தீர்வு வேண்டும். ஆனால் வீரருக்கு மறுக்கும் உரிமை இல்லை, மறுத்தால் தண்டனை. அவர் எங்கே, எத்தனை நாள் இருந்தார் என்பதற்கு அரசின் ஆவணமே சாட்சி என்பதால், முறைகேட்டுக்கும் இடம் குறைவு.

கேந்திரிய வித்யாலயாவில் படித்தவருக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீடா என்ற மறுப்பு வலுவானது. வசதி குறைந்த பள்ளிகளில் படிப்போருக்காகவே அது வந்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் அதை உறுதி செய்தது. எனினும், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பின் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோரை அந்தச் சட்டமே ஏற்கிறது. அதே எல்லையைப் படைவீரர் பிள்ளைக்கும் நீட்டினால் ஒதுக்கீட்டின் நோக்கம் சிதையாது.

5. பரிந்துரை

அமெரிக்கா 2008-இல் இயற்றிய உயர்கல்விச் சட்டத் திருத்தத்தின்படி, 30 நாட்களுக்கு மேற்பட்ட முழுநேரப் படைப்பணியில் இருந்து, ஒரு மாநிலத்தை வதிவிடமாகவோ நிரந்தரப் பணியிடமாகவோ கொண்ட வீரருக்கும் அவர் மனைவி மக்களுக்கும் அங்கே அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணம்தான். படிப்பு நடக்கும்போது மாற்றல் வந்தாலும் அது தொடரும். இங்கே கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருப்பதால் தமிழகம் தானே முன்வரலாம். மூன்று திருத்தங்கள் போதும். பணியிட ஆணை காட்டினால், வெளியே படித்த ஆண்டுகளைத் தமிழக ஆண்டுகளாகக் கொள்ள வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த வீரர் பிள்ளைக்கு 7.5 விழுக்காடும் புதுமைப்பெண் உதவியும் கிடைக்க வேண்டும். வெலிங்டனுக்கோ ஆவடிக்கோ மாற்றலாகி வரும் பிற மாநில வீரரின் பிள்ளையும் மனைவியும் இங்கே கல்லூரியில் சேரவும், அவர் மாறிப்போனபின் படிப்பை முடிக்கவும் வழி வேண்டும். முதலிரண்டும் நம் பிள்ளைகளுக்கு நாம் தர வேண்டியவை. மூன்றாவதைச் செய்தால்தான் பிற மாநிலங்களிடமும் அதையே கேட்கும் தகுதி நமக்கு வரும்.