வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றைக் கூறுவோர், 1885 ஆம் ஆண்டிலே ஜேர்மனியிலே டைம்லரும் மைபாக்கும் செய்த மரச்சட்ட வண்டியிலே தொடங்குவர். பந்தயங்களையும் வீரர்களையும் வேகங்களையும் சொல்லி முடித்துவிடுவர். காலையிலே வேலைக்குப் போய் மாலையிலே வீடு திரும்பும் மனிதன் அந்த வரலாற்றிலே அரிதாகவே தென்படுவான். ஆயினும், உலகிலே மிகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் அவனை நினைந்து செய்யப்பட்டதேயாகும். அது பிறந்த இடம் யப்பான், பிறப்பித்தது பற்றாக்குறை.

1945 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபொழுது யப்பானிய நகரங்கள் பல சாம்பலாய்க் கிடந்தன. புகைவண்டிகளிலே கால்வைக்க இடமில்லை. பேருந்துகள் குறைவு, பெற்றோலுக்கோ கடும் பங்கீடு. அரிசியும் கிழங்கும் தேடி நகரத்தார் நாட்டுப்புறங்களுக்கு அலைந்தனர். அவர்களுக்கு எஞ்சியிருந்த வாகனம் சைக்கிள் ஒன்றே. ஹமமற்சு என்னும் நகரிலே சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர் இந்த நிலையைக் கண்டார். அவர் 1906 ஆம் ஆண்டிலே பிறந்தவர். இளமையிலே தோக்கியோவின் மோட்டார்த் திருத்தகம் ஒன்றிலே தொழில் பயின்றவர். பின்னர் பிஸ்ரன் வளையம் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். 1946 இலே அவர் கைக்குக் கிடைத்தது, இராணுவம் கைவிட்டுப்போன 500 சிறு இயந்திரங்களின் தொகுதி.

வானொலி நேயர்களுக்கு அந்த இயந்திரங்கள் புறம்பானவையல்ல. அவை படையினரின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் பிறப்பிப்பதற்காகச் செய்யப்பட்டவை. செய்தி அனுப்ப உதவிய அந்தப் பொறியை ஹொண்டா சைக்கிளிலே பொருத்தி, ஒரு வார்ப்பட்டியினாலே சக்கரத்தைச் சுழலவைத்தார். முதலாவது மாதிரிக்குப் பெற்றோற் தாங்கி கிடைக்கவில்லை. குளிர்காலத்திலே படுக்கையைச் சூடாக்குவதற்கு வெந்நீர் ஊற்றி வைக்கும் பாத்திரமொன்றே தாங்கியாயிற்று! பெற்றோல் போதாமையால் பைன் மரத்து எண்ணெயையும் அதனுடன் கலந்தனர். புகையும் நாற்றமும் எப்படியிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதிரியை ஓட்டிப் பார்த்தவர்களுள் ஹொண்டாவின் மனைவி சாச்சியும் ஒருவர். உணவுப்பொருள் தேடி நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர் அவரே. தம்மிடமிருந்த நல்ல உடையை உடுத்து நகர வீதியிலே ஓட்டித் திரும்பியவர், உடையெல்லாம் எண்ணெய் தெறித்திருப்பதைக் கண்டு கணவரிடம் முறையிட்டார். இயந்திரம் ஓடினால்மட்டும் போதாது, ஓட்டுபவர் போய்ச்சேரும் இடத்திலே மதிப்போடு இறங்கவும் வேண்டும் என்பது அந்த முறைப்பாட்டிலே அடங்கியிருந்தது. பின்னாளிலே வந்த வெற்றியை ஆராய்வோர் பொறியியலையே மிகுத்துப் பேசுவர். இந்தச் சிறு முறைப்பாட்டுக்கு அதிலே பங்கு குறைவென்று சொல்லமுடியாது.

1948 ஆம் ஆண்டிலே ஹொண்டாக் கம்பனி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலே தக்கேயோ புஜிசாவா அதிலே சேர்ந்தார். ஹொண்டாவுக்குப் பொறியிலே எவ்வளவு நாட்டமோ, அவ்வளவு நாட்டம் புஜிசாவாவுக்கு விற்பனையிலே இருந்தது. 1952 இலே "கப்" என்னும் பெயருடன் ஒரு துணை இயந்திரம் வெளிவந்தது. நிறை ஏறத்தாழ 6 கிலோ. ஆற்றல் ஒரு குதிரைவலு. சிவப்பு இயந்திரம், வெள்ளைத் தாங்கி. சைக்கிளின் பின்சக்கரத்தின் பக்கத்திலே அதைப் பொருத்துவர். மோட்டார் சைக்கிள் விற்கும் கடைகள் அந்நாளிலே மிகச் சில. ஆகவே புஜிசாவா, நாடெங்குமுள்ள ஏறத்தாழ 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டுச் சைக்கிளை முதன்முதலாக விற்கத் துணிந்தவர்கள் உங்கள் முன்னோர்; இன்று இயந்திரம் பூட்டிய சைக்கிளை விற்க நீங்கள் துணிவீர்களா? இதுவே அக்கடிதத்தின் பொருள். ஆயிரக்கணக்கான கடைக்காரர் பணத்தை முன்கூட்டியே அனுப்பினர்.

இந்த ஏற்பாட்டிலே பெரிய நுட்பம் ஒன்று இருந்தது. இயந்திரம் அட்டைப் பெட்டியிலே அடைபட்டுக் கடைக்கு வரும். வாங்குவோன் தன் பழைய சைக்கிளையே கொண்டுவருவான். நாளெல்லாம் சங்கிலி பூட்டியும் கம்பி முறுக்கியும் பழகிய அதே கடைக்காரர் அதைப் பொருத்திக் கொடுப்பார். பழுதுபட்டால் திருத்துபவரும் அவரே. புதிய பொருளொன்று ஊருக்குள் வரும்பொழுது அதனுடன் அந்நியரும் வரவேண்டியதில்லையாயிற்று. கடன் கொடுப்பவரும், குறை கேட்பவரும், "இன்னும் சில நாள் மெதுவாக ஓட்டும்" என்று புத்தி சொல்பவரும் முன்பே அறிமுகமானவர்களாயினர்.

ஆயினும் சைக்கிளிலே ஒட்டவைத்த பொறி நெடுங்காலம் நிலைக்காது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். 1956 இலே ஐரோப்பா சென்று அங்குள்ள மொப்பெட்டுகளையும் ஸ்கூட்டர்களையும் பார்த்தனர். அவை செப்பனிட்ட வீதிக்கு உகந்தவை. யப்பானிலோ வீதிகளுட் பெரும்பாலானவை மண்ணும் கல்லுமாய்க் கிடந்தன. சிறு சக்கரம் குழியிலே விழுந்தெழாது. இவற்றையெல்லாம் எண்ணிச் செய்த "சூப்பர் கப்" 1958 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே விற்பனைக்கு வந்தது.

அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு மனிதனின் தேவைக்கு விடை கூறியது. யப்பானிலே இடியப்பத்தை ஒத்த "சோபா" என்னும் உணவைத் தட்டுகளிலே அடுக்கி, ஒரு கையாலே ஏந்தி, மறு கையாலே சைக்கிள் ஓட்டிச்செல்லும் கடைப் பையன்கள் அந்நாளிலே இருந்தனர். அவர்களும் ஓட்டக்கூடியதாய் இருக்கவேண்டும் என்றார் ஹொண்டா. எனவே கையாலே பிடிக்கும் கிளச் நீக்கப்பட்டது. சுழற்சியின் வேகத்தாலே தானே பற்றியும் விட்டும் இயங்கும் கிளச் அமைந்தது. மூன்று கியர்களையும் காலாலே மாற்றலாம். பாவாடையோ கிமோனோவோ அணிந்த பெண்ணும் காலைத் தூக்கி வீசாது ஏறத்தக்கதாக நடுச்சட்டம் தாழ்த்தப்பட்டது. சங்கிலிக்கு முழு உறை. சேறும் காற்றும் காலிலே படாதபடி முன்னாலே பிளாஸ்ரிக் மறைப்பு. சாச்சியின் முறைப்பாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் கிடைத்த விடை அது எனலாம். சக்கரங்கள் 17 அங்குலம். இயந்திரம் 49 சீ.சீ. மட்டுமே, ஆயினும் அது 4.5 குதிரைவலு தந்தது. அளவிலே அதை ஒத்த பிற வண்டிகள் பல பெற்றோலிலே எண்ணெய் கலந்து புகை கக்கிய காலத்திலே, இதுவோ நான்கு வீச்சு இயந்திரமாகையால் குறைந்த பெற்றோலிலே, சத்தமும் குறைந்து ஓடிற்று.

விலை 55,000 யென். மாதம் 30,000 வண்டிகளை விற்கலாம் என்று புஜிசாவா கூறியபொழுது, அருகிலே நின்றவர்கள் ஆண்டுக் கணக்கையே சொல்கிறார் என மயங்கினராம். 1960 இலே சுசூக்காவிலே இயங்கத் தொடங்கிய புதிய தொழிற்சாலை அந்தக் கணக்கை மெய்ப்பித்தது. 1959 இலே அமெரிக்காவிலே கிளை திறக்கப்பட்டதும், அங்கே முரடர்களின் வாகனமென்று பெயர்பெற்றிருந்த மோட்டார் சைக்கிளை இல்லத்தரசிகளும் மாணவரும் ஓட்டும் படங்களாலே 1963 இலே விளம்பரப்படுத்தியதும் வணிக மாணவர்கள் விரித்துப் படிக்கும் கதைகள். அவற்றை இங்கு நீட்ட வேண்டியதில்லை.

இலங்கையிலே 1977 இலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. யாழ்ப்பாணத்தார் இந்தக் குடும்பத்து வண்டிகளை "பிஃப்ரி" என்றும் "நைன்ரி" என்றும் எண்ணாலேயே அழைத்தனர். அவற்றுள்ளும் "எம்.டி. நைன்ரி" தனிச்சிறப்பு வாய்ந்தது. யப்பானிய தபாற்காரருக்கென்று சிவப்பு நிறத்திலே, சுமை தாங்கும் உறுதியான கரியருடன் செய்யப்பட்ட வண்டி அது. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்தபின் கடல்கடந்து வந்து, ஆசிரியரையும் மீன் வியாபாரியையும் சுமந்தது.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்பொழுது அங்குள்ளோர் மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டக் கற்றனர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்திலே இலகுவாக ஆவியாகாது. ஆகவே கார்புரேற்றரிலே சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உதைத்து எழுப்புவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயிலே ஓடும். வெண்புகை எழும், பிளக்கிலே கரி படியும், எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அடிக்கடி கழற்றித் துடைக்கவேண்டும். கரண்டிக் கணக்கிலே அளந்து வைத்த பெற்றோல், வீட்டிலே மருந்துபோற் பேணப்பட்டது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதா, வேலைக்குச் செல்வதா என்பதை அந்தப் போத்தலைப் பார்த்தே தீர்மானிக்க நேர்ந்த நாட்களும் இருந்தன. ஹமமற்சுவிலே பைன் எண்ணெயை ஊற்றிய கைகளுக்கு இது விளங்கியிருக்கும்.

இந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தித் தொகை 2017 ஆம் ஆண்டிலே பத்துக்கோடியை எட்டியது. புகை பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்பத் திருத்துவது கட்டுபடியாகாமையால், 50 சீ.சீ. வண்டியின் உற்பத்தி 2025 இலே யப்பானிலே நிறுத்தப்பட்டது; பெரிய இயந்திரமுடையவை தொடர்ந்து செய்யப்படுகின்றன. யாழ்ப்பாணத்து வீதிகளிலோ, நிறம் மங்கிய தபாற்கார வண்டிகளை இன்றும் காணலாம்.